லாயம் வாசகசாலை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

கமிட்டிக் கூட்டங்கள், பொங்கல் விளையாட்டு, ஓணப் பூக்களம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் நம் வாசகசாலை இருக்கும் இந்தப் பழைய குதிரை லாயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பழங்கதை. 1877-இல் மன்றோ துரை பூஞ்சாறு ராஜாவிடம் மூணாறைச் சுற்றியுள்ள இந்தக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். அப்போது ரோடு ஏது? துரைமார் தோட்டத்தை டிவிஷன் டிவிஷனாகச் சுற்றக் குதிரைதான். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் போட்ட ஒற்றைத் தண்டவாள வண்டியைக்கூட மாடுகள்தான் இழுத்தன. 1908-இல் அது ரயிலானது. 1924-இல், மலையாளக் கொல்லம் ஆண்டு 1099-இல், வந்த 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' அதை வாரிக்கொண்டு போனது. மூணாறில் இருந்த அந்த ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனி ஆபீசாக மாறி இன்றும் நிற்கிறது. லாயத்தை இடித்துவிட்டு ஷெட் போடலாம் என்ற அண்ணாச்சிகளை நான் அதைக் காட்டித்தான் வாயடைத்தேன்.

ஜீப் வந்தது, குதிரை போனது, லாயம் உரக் கிடங்கானது. அங்கேதான் நமக்கு வினை. கீழ்ச்சுவர் பொரிந்திருக்கிறதே என்று முதலில் சிமெண்ட் பூசினோம். சில மாதத்தில் உப்புப் பூத்து அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. யோசனை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். போடியிலிருந்து வந்த கொத்தனார் பார்த்ததுமே சிரித்தார். "குதிரை மூத்திரமும் உரமும் குடிச்ச கல்லுய்யா இது. சிமெண்டைப் போட்டு மூடினா ஈரம் எங்கே போகும்?" அப்புறம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, நீற்றுச் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசினோம். நம் ஊர்க் குளிரில் சுண்ணாம்பு இறுக நாளாகும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முந்தி முடித்தது கொத்தனாரின் சாமர்த்தியம்.

குதிரைக்கு ஒன்றாகத் தடுத்திருந்த அறைகளில் இப்போது பிள்ளைகள் பி.எஸ்.சி. என்ற அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். கொள்ளுத் தொட்டியில் தமிழ், மலையாளப் பத்திரிகைகள். குதிரை கட்டிய இரும்பு வளையங்களில் குடைகள் தொங்குகின்றன. தரையை மட்டம் செய்யவில்லை. கழுவிய தண்ணீர் வடிவதற்காகச் சாய்த்துப் பாவிய கல் அது. மேசை ஆடுகிறது என்பவர்கள் சில்வர் ஓக் ஆப்பு கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

திறப்பு விழாவில் ஒரு பாட்டையா கேட்டார்: "குதிரை இருந்த லாயத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. நான் இருக்கிற லயம் ஒழுகுதே, அதுக்கு யாரப்பா?" குதிரை லாயத்துக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் துணைக்கால் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் குதிரைக்கு இரண்டு முழக் கற்சுவர், நமக்கு ஒற்றை அறையும் தகரமும். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் கமிட்டியைக் கூட்டி மனு எழுதினோம்.

நிர்வாகம் லாயத்துக்கு வாய்மொழி அனுமதிதான் தந்திருக்கிறது. எழுத்தில் வாங்க வேண்டும். மேற்கு ஓரத்து உத்திரத்தில் கரையான். பழைய துரைமார் பெயரெல்லாம் கிடைக்கிறது, குதிரைக்காரர் ஒருவர் பெயர்கூட இல்லை. யார் வீட்டிலாவது தாத்தா குதிரையோடு நிற்கும் போட்டோ இருந்தால் கொடுத்து உதவுங்கள், பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம்.

லயக் கூரை மனு வாசல் மேசையில் இருக்கிறது. டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்