ஆட்டோமேட்டிக்னு சொல்லி விக்கிற கிளட்ச் வண்டி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பிரான்ஸைச் சேர்ந்த ரியூனியன் தீவுல இருந்து எழுதுறேன். சொந்த ஊர் காரைக்கால், பிரெஞ்சு பாஸ்போர்ட்காரங்க குடும்பம், இங்க வந்து 22 வருஷம் ஆச்சு. உங்க பேப்பரை போன்லதான் படிக்கிறது, உங்களுக்கு ஏழரை மணின்னா எங்களுக்கு ஆறு, காபி ஆறுறதுக்குள்ள தலைப்பு எல்லாம் பார்த்துருவேன். இதுவரைக்கும் லெட்டர்னு எதுவும் போட்டதில்ல. போன வாரம் பழைய கார் வாங்குறது பத்தி வந்த கட்டுரையைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா ஒரு மாசமா நானும் அதே குழப்பத்துலதான் உக்காந்திருக்கேன்.

கட்டுரையில ஏஎம்டி பத்தி, அதாவது கம்ப்யூட்டரே கிளட்ச்சும் கியரும் போடுற மேனுவல் கியர்பாக்ஸ் பத்தி, நாலே வரி. ஆட்டோமேட்டிக் சுகம் கிடைக்கும், செலவு மேனுவல் அளவுதான், பழசுலயும் தாராளமா வாங்கலாம்னு போட்டிருந்தீங்க. புது வண்டி வாங்குறவருக்கு அது சரியா இருக்கலாம். 2014-ல மாருதி செலேரியோவுல கொண்டாந்த பிறகுதான் நம்ம ஊர்ல ஏஎம்டிங்கிற வார்த்தையே புழக்கத்துக்கு வந்துச்சு, இன்னைக்கு பார்ட்ஸ் கிடைக்குது, மெக்கானிக்குக்கும் கை பழகிருச்சு. ஆனா ஐரோப்பாவுல இந்த கியர்பாக்ஸ் அதுக்கும் பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாடியே வந்து, கெட்ட பேர் வாங்கி, நிறைய கம்பெனி அப்புறம் கைவிட்டது. அந்த வண்டிங்கதான் இப்போ விலை இறங்கி இறங்கி எங்க தலையில வந்து விழுது. இங்க ரோட்டுல எங்க பார்த்தாலும் பெஜோ, சிட்ரோயன், ரெனோதான்.

என் கதை என்னன்னா, பொண்ணு கிளட்ச் இல்லாத வண்டியில லைசென்ஸ் எடுத்துட்டா. பிரான்ஸ் சட்டப்படி அப்படி எடுத்தா கார்டுல 78-னு ஒரு நம்பர் போட்டுருவாங்க, கிளட்ச் பெடல் இருக்கிற வண்டியை ஓட்டக்கூடாது. அவளுக்கு இப்போ வேலை லெ போர்ங்கிற ஊர்ல கிடைச்சிருக்கு, நாங்க இருக்கிறது தீவோட தலைநகர் சேன் தெனிக்கு மேல லா மொந்தாஞ் மலையில, பஸ்ஸை நம்பி அந்த வேலைக்குப் போக முடியாது. நல்ல ஆட்டோமேட்டிக் பழசுலயே எட்டாயிரம் யூரோவுக்குக் கீழ கண்ணுல படல. அப்பத்தான் விளம்பரத்துல ஒண்ணு, 2014 மாடல், 96,000 கிலோமீட்டர், 5,200 யூரோ, 'ஆட்டோமேட்டிக்'னு. கம்பெனி பேர் வேணாம், விக்கிறவர் பாவம், நான் வாங்காம போனாலும் அவர் வயித்துல அடிச்ச மாதிரி ஆயிரக்கூடாது. படத்தைப் பெருசாக்கி கியர் லிவரைப் பார்த்தேன். ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), ஏ (தானா மாறும்), எம் (நாமளே மாத்தணும்). நிஜ ஆட்டோமேட்டிக்ல இருக்கிற பி-யை, அதான் பார்க்கிங்கை, காணோம். பெருமூச்சு விட்டேன்.

ஏன்னா இந்தச் சூடு எனக்கு ஏற்கனவே பட்டது. 2011-ல இதே மாதிரி ஒண்ணு வாங்கினேன், 'ஆட்டோமேட்டிக்'னுதான் அந்த ஆளும் சொன்னாரு. என் சம்சாரம் அதுக்கு முன்னாடி அவங்க அண்ணனோட நிஜ ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பழகினவ. மேட்டுல சிக்னல் விழுந்தா பிரேக்குக்குப் போக மாட்டா, ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சு வண்டியை அப்படியே நிறுத்தி வச்சிருப்பா. நிஜ ஆட்டோமேட்டிக்ல எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல டார்க் கன்வெர்ட்டர், அதுக்குள்ள எண்ணெய்தான் சுத்துது, கொஞ்ச நேரம் அப்படி நின்னா ஒண்ணும் தேயாது. இதுல நடுவுல இருக்கிறது நம்ம சாதா மேனுவல் வண்டியில இருக்கிற அதே காய்ஞ்ச கிளட்ச் பிளேட், அதே கியர்பாக்ஸ், பெடலை மிதிக்கிற காலையும் கியர் போடுற கையையும் மட்டும் எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு பம்ப்போ மோட்டாரோ வச்சு கம்ப்யூட்டர் கையில குடுத்திருக்காங்க. மேட்டுல ஆக்ஸிலரேட்டர்ல நிறுத்துனா பிளேட் அரைகுறையா ஒட்டி உரசிக்கிட்டே நிக்கும். பதினாலு மாசம் தாங்குச்சு. ஒரு சாயங்காலம் மலை ஏறும்போது கருகுன வாசம், கூரையில போட்ட சாக்கு எரியுற மாதிரி, எஞ்சின் கத்துது வண்டி நகரல.

கிளட்ச் மாத்த ஒரு கராஜ்ல விட்டோம். அவங்க பிளேட்டை ஒழுங்காத்தான் மாத்துனாங்க, ஆனா மாத்துன பிறகு கம்ப்யூட்டருக்கு புது கிளட்ச் எந்த இடத்துல பிடிக்குதுன்னு டயக்னாஸ்டிக் மெஷின் போட்டுச் சொல்லிக் குடுக்கணும், அதைச் செய்யல, செய்ய மெஷினும் அவங்ககிட்ட இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வண்டியை எடுத்துட்டு வந்து பெட்ரோல் பங்க்ல நிறுத்துனேன், திரும்ப ஸ்டார்ட் பண்ணா என்-னு ஒரு எழுத்து மட்டும் விட்டு விட்டு மின்னுது, கியர் விழ மாட்டேங்குது, பின்னாடி ஹார்ன் மேல ஹார்ன். மூணு வாரம் வண்டி இல்லாம கிடந்தோம். வீட்டுல சண்டை வேற. "ஆட்டோமேட்டிக்னுதானே சொன்னீங்க, அப்போ நான் ஆட்டோமேட்டிக் மாதிரிதானே ஓட்டுவேன்"னா அவ. யோசிச்சுப் பார்த்தா அவ சொன்னதுதான் நியாயம். ஓட்டுனது தப்புன்னு சொல்றதை விட, பேர் வச்சது தப்பு.

அதனாலதான் உங்க கட்டுரை மேல எனக்கு வருத்தம். ஏஎம்டியையும் ஆட்டோமேட்டிக்கையும் ஒரே கூடையில போட்டுட்டீங்க. கம்பெனிக்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, ஆளுக்கொரு பேர் வச்சு நம்மள குழப்பி வச்சிருக்காங்க. சிட்ரோயன்ல சென்சோடிரைவ், அப்புறம் பிஎம்பி6, அப்புறம் அதையே இடிஜின்னாங்க, பெஜோல 2-ட்ரானிக், ரெனோல குயிக்ஷிப்ட், பின்னாடி ஈசி-ஆர், ஓப்பல்ல ஈசிட்ரானிக், ஃபியட்ல டூவலாஜிக், ஆல்ஃபால செலிஸ்பீட். எல்லாம் ஒரே ஜாதிதான். இதுல இடிஜி6-க்கும் இஏடி6-க்கும் எழுத்துதான் கொஞ்சம் மாறுது, ஆனா இஏடி ஜப்பான் ஐசின் கம்பெனியோட நிஜ ஆட்டோமேட்டிக், விலை வித்தியாசம் அங்கதான் இருக்கு. டிஎஸ்ஜி, இடிசி எல்லாம் ரெண்டு கிளட்ச் வச்ச வேற கதை, அதுக்குள்ள இப்போ போகல. சுலபமா கண்டுபிடிக்க எங்க மச்சான் சொல்ற வழி ஒண்ணுதான், லிவர்ல பி இருக்கான்னு பாரு. இந்தப் பழைய ரோபோ கியர் வண்டிங்கள்ல பெரும்பாலும் இருக்காது, கியர்லயே போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துட்டு இறங்கணும், மேனுவல் மாதிரியே.

மச்சான்னா என் சம்சாரத்தோட அண்ணன், காரைக்கால்ல டீசல் மெக்கானிக்கா இருந்து இப்போ சேன் ஆந்த்ரேல இருக்காரு. அவரையும் பொண்ணையும் கூட்டிக்கிட்டு போன ஞாயித்துக்கிழமை லெ போர் போனேன். போனதும் மச்சான் விக்கிறவருக்கு பொங்ழூர் சொல்லிட்டு நேரா பானெட் மேல கையை வச்சாரு. சுட்டுச்சு. என்னைப் பார்த்து கண்ணைக் காட்டுனாரு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்காங்க. இந்த ஆயில் பிரஷர்ல வேலை செய்யுற டைப்ல, ராத்திரி பூரா நின்ன வண்டியோட கதவைக் காலைல திறந்தா பம்ப் விர்ர்னு ஓடுற சத்தம் கேக்கும், சில செகண்ட்ல நிக்கணும். நின்ன பிறகு கியரே மாத்தாம சும்மா இருக்கும்போதும் அடிக்கடி ஓடுனா பிரஷர் நிக்கலன்னு அர்த்தம், அது கிளட்ச்சை விடப் பெரிய செலவு. ஏற்கனவே ஓட்டிச் சூடான வண்டியில அந்த முதல் சத்தத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்த்தோம். லெ போர் பூரா சமதரை, ஏ-ல போட்டு பொண்ணு ஓட்டுனா, ஒண்ணுலேருந்து ரெண்டு, ரெண்டுலேருந்து மூணுன்னு மாறும்போது எங்க நாலு பேர் தலையும் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி முன்னாடி போய்ப் பின்னாடி வந்துச்சு. பொண்ணு பயந்துட்டா, "ப்பா, இது ரிப்பேரா?"ன்னா. ரிப்பேர் இல்ல, அதோட பிறவிக் குணம், கியர் மாறுற நேரம் எஞ்சின் பலத்தை ஒரு கணம் விட்டுட்டுப் பிடிக்குது, கிளட்ச் நீ மிதிச்சாலும் அதான் நடக்கும், நீ மிதிக்கும்போது உன் உடம்புக்கு முன்கூட்டியே தெரியுது இங்க தெரியல, அவ்வளவுதான்னேன். மாறப்போற நேரத்துக்கு ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை லேசா எடுத்துட்டு வைக்கச் சொன்னேன். அஞ்சாவது தடவை பொம்மை நின்னுருச்சு. எம்-ல போட்டு அவளே தட்டித் தட்டி மாத்துனா இன்னும் சுகமா போச்சு. சரி, ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது மோசமில்ல, டீசல் குடிக்கிறதும் மேனுவல் அளவுதான், இறக்கத்துல ரெண்டுல போட்டு விட்டா எஞ்சினே வண்டியைப் பிடிச்சு வேகத்தைக் குறைக்கும், அந்த விஷயத்துல மலைக்காரங்களுக்கு இது நல்லதுகூட. கட்டுரையில இதைச் சொல்லியிருக்கலாம், சொல்லல.

ஆனா ஒரு சின்ன மேடு பார்த்து மச்சான் ரிவர்ஸ்ல ஏத்தச் சொன்னாரு. அப்போ ஒரு நடுக்கம், ஸ்டியரிங் வரைக்கும் வந்துச்சு. விக்கிறவர் ரோடு சரியில்லன்னாரு. ரோடு புது தார், சந்தேகம் கிளட்ச் மேலதான்.

சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுனேன், முதல் ஆறு வருஷ முத்திரை எல்லாம் சேன் லூயி கராஜ். சேன் லூயிலேர்ந்துதான் சிலாவோஸ் ரோடு மலையேறுது, முப்பத்தஞ்சு கிலோமீட்டர் சுமாருக்கு 400 வளைவுன்னு பேர் எடுத்த ரோடு. அந்த முதல் ஓனர் கீழ இருந்தாரா மேல இருந்தாரா? கேட்டா இவருக்குத் தெரியலங்கிறாரு. கிளட்ச் மாத்துன பில்லும் இல்ல. இங்க நாலு வருஷத்துக்கு மேல ஆன வண்டியை விக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எடுத்த கோந்த்ரோல் தெக்னிக், அதாவது வண்டி சோதனைப் பேப்பர் குடுக்கணும், அதைக் குடுத்தாரு, பக்காவா இருந்துச்சு. நம்ம ஆளுங்க நிறைய பேர் அந்தப் பேப்பரைப் பார்த்ததும் மயங்கிடுறாங்க. அதுல பிரேக், டயர், லைட், புகை எல்லாம் பார்ப்பாங்க, கிளட்ச் பிளேட் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்க்கிறது அவங்க வேலை இல்ல. வண்டியோட பழைய வரலாறு சொல்ற அரசாங்கத்தோட இஸ்தோவெக் ரிப்போர்ட் இலவசம், அதையும் வாங்கிப் பார்த்துட்டேன், விபத்து கிடையாது. மறைஞ்ச குறைன்னு சொல்லி அப்புறம் வழக்குப் போட சட்டத்துல இடம் இருக்கு, ஆனா வாங்கும்போதே குறை இருந்துச்சுன்னு நாமதான் நிரூபிக்கணும், அதுவும் கிளட்ச் மாதிரி தேய்ற சாமானுக்கு யார் போய் நிக்கிறது.

மச்சான் கணக்கு எளிமை. 'மாப்ள, கிளட்ச் போயிருச்சுன்னே வச்சுக்க, அதுக்கு 1,200 கழி, பம்ப்புக்கு பயத்துக்கு ஒரு 500 கழி, மிச்சத்துக்கு குடுத்தா எடு, இல்லன்னா கும்பிடு போட்டுட்டு வா.' பார்ட்ஸ் பாரிஸ்லேருந்து 9,000 கிலோமீட்டர் தாண்டி வரணும், வந்து இறங்குனா இங்க ஒக்த்ருவா தெ மேர்னு ஒரு வரி வேற, கப்பல்ல வந்தா பொறுமையும் அதுல சேர்த்திதான். 'மேனுவல் அளவு செலவு'ன்னு உங்க கட்டுரை சொன்னது இந்த இடத்துலதான் உடையுது. கிளட்ச், கியர்பாக்ஸ் மட்டும் மேனுவல் விலை. அதை இயக்குற பம்ப், சென்சார், கம்ப்யூட்டர் மேனுவல் வண்டியில கிடையவே கிடையாது.

வீட்டுல ஓட்டு ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. சம்சாரம் இந்த ஜாதி வண்டி வீட்டு வாசலுக்கே வரக்கூடாதுங்கிறா. லைசென்ஸ் எடுத்து மூணு மாசம் ஆனா ஏழு மணி நேரப் பயிற்சியில அந்த 78-ஐ எடுத்துரலாம், எடுத்துட்டு சாதா கிளட்ச் வண்டியா வாங்குன்னு பொண்ணுகிட்ட சொன்னேன், லா மொந்தாஞ் வளைவுல கிளட்ச்சும் ஹேண்ட்பிரேக்கும் நினைச்சாலே கை நடுங்குதுப்பாங்கிறா. எனக்கு உள்ளுக்குள்ள என்ன தோணுதுன்னா, அவ சமதரையில குடியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக் குடுத்துருப்பேன். தினம் காலைல இறக்கம், சாயங்காலம் ஏத்தம், நடுவுல சேன் தெனி டிராபிக்ல ஊர்ந்து போற கூத்துன்னா இந்தக் கிளட்ச்சுக்கு அதை விட விரோதி வேற இல்ல. இருந்தும் விலை இழுக்குது பாருங்க.

ஆசிரியருக்கு ஒரே வேண்டுகோள், அடுத்த தடவை வாகனப் பக்கத்துல ஏஎம்டியை ஆட்டோமேட்டிக்னு எழுதாதீங்க. தானா கியர் மாத்துற மேனுவல்னு எழுதுங்க, நீளமா இருந்தாலும் பரவால்ல.

நேத்து விக்கிறவர் போன் பண்ணாரு, 4,300-க்கு வந்துட்டாரு. மச்சான் கணக்குக்கு இன்னும் 800 பாக்கி. சனிக்கிழமை காலைல வாங்க, வெள்ளிக்கிழமை ராத்திரியிலேர்ந்து வண்டியைத் தொடவே மாட்டேன்னு சத்தியம் பண்றாரு. ஆறரைக்குப் போய் முதல்ல பானெட்டைத் தொட்டுப் பார்க்கணும்.

இப்படிக்கு,
ஒரு காரைக்கால்காரன்,
லா மொந்தாஞ், ரியூனியன்