கைப்பிடியைத் தூக்கு, மாப்ளே

சேலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

நலம். நீயும் தங்கச்சியும் நலமா இருப்பீங்கன்னு நம்பறேன். ஏற்காட்டுல பனி இறங்க ஆரம்பிச்சாச்சுன்னு ஓமலூரான் சொன்னான். குசலம் விசாரிச்சாச்சு, விஷயத்துக்கு வர்றேன்.

தாடைக்குக் கீழே அங்கங்க பேப்பர் துண்டை ஒட்டிக்கிட்டு நீ அனுப்பின போட்டோ வந்து சேர்ந்தது. உன் மருமக அதைப் பார்த்துட்டு, "மாமா காட்டெருமைகிட்ட மாட்டிக்கிட்டாராப்பா?"ன்னு கேட்டா. உன் பையன் ஆசையா வாங்கிக் கொடுத்த ஸ்டீல் ரேசர், புது பிளேடு, வாசனை சோப்பு, எல்லாம் இருந்தும் ஏன் இப்படின்னு கீழே ஒரு வரி கேட்டிருந்தே. போன்ல சொல்ல ஆரம்பிச்சா, "பிளேடு போடாதடா"ன்னு வச்சிடுவே. கடுதாசியை அப்படி வைக்க முடியாது பாரு. அதான் உட்கார்ந்து எழுதறேன். இன்னொரு காரணமும் இருக்கு. அதைப் பின்னாடி சொல்றேன்.

முதல்ல உன் கையைப் பத்திப் பேசுவோம். பாலிடெக்னிக் ஹாஸ்டல் குழாயடியில நீ ஷேவ் பண்ற கோலம் எனக்கு மறக்குமா? முழங்கை விலாவோட ஒட்டியிருக்கும். ரேசர் கைப்பிடி கன்னத்தை உரசிக்கிட்டுக் கீழே தொங்கும். பிளேடு தோல் மேல கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும். "தூக்கிப் பிடிடா"ன்னு நான் கத்த, "உன் மூஞ்சியை நீ பாருடா"ன்னு நீ கத்த, நடுவுல வார்டன் வந்து மூணாம் நம்பர் பக்கெட் எங்கேன்னு கேட்க... சரி, அதை விடு. "தாழ்த்திப் பிடிச்சாத்தான் ஒட்ட வருது"ன்னு நீ சாதிச்சே. அதுல நியாயம் இல்லாம இல்லை. ஆனா அந்த நியாயம் உன்னோடது இல்லை, உன் ரேசரோடது.

ரேசர் தலையைப் பக்கவாட்டுல வச்சுக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு. மேல மூடி, கீழே தகடு, நடுவுல வளைஞ்சு இறுகிக் கிடக்கிற பிளேடு. அதோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. அந்த வளைவுதான் அவ்வளவு மெல்லிசுக்கு விறைப்பைக் கொடுக்குது. இப்ப மூடியோட ஓரத்தையும் கீழ்த் தகட்டோட ஓரத்தையும் தொட்டு மனசுக்குள்ள ஒரு கோடு போடு. பிளேடு நுனி அந்தக் கோட்டுக்கு உள்ளே பதுங்கியிருந்தா அது சாது ரேசர். கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தா முரடு. ஹாஸ்டல்ல நீ வச்சிருந்த அலுமினியத் தலை ரேசர் இருக்கே, சாதுவிலயும் சாது. மூடி ஓரம் தடியா பிளேடை மறைச்சுக்கிட்டு நிக்கும். அதைத் தூக்கிப் பிடிச்சா மூடிதான் கன்னத்துல வழுக்கும், முடி அப்படியே இருக்கும். தாழ்த்தித் தாழ்த்தித்தான் அதுகிட்ட நீ வேலை வாங்கினே.

பையன் வாங்கிக் கொடுத்தது போட்டோவுலயே தெரியுது, பல்லு வச்ச தகடு, பிளேடு நல்லா வெளியே நீட்டிக்கிட்டிருக்கு. அதுகிட்டயும் நீ பழைய கையோட போயிருக்கே. வெட்டாம என்ன பண்ணும்?

செய்ய வேண்டியது இதுதான். ரேசர் தலையைக் கன்னத்துல படுக்க வை. கைப்பிடி முகத்துக்கு நேர் எதிரே, தரைக்கு இணையா நீட்டிக்கிட்டு இருக்கட்டும். இப்ப கீழே இழுத்தா ஒண்ணும் ஆகாது, மூடி மட்டும்தான் ஓடும். அப்படியே இழுத்துக்கிட்டே கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தாழ்த்து. ஓர் இடத்துல சரசரன்னு சத்தம் கேட்கும். நில்லு. அதுக்கு மேல ஒரு இழை கூடத் தாழ்த்தாதே. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவுல சுமார் 30 டிகிரி வரும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா பாகைமானியை வச்சுக்கிட்டு யார் ஷேவ் பண்றாங்க? காதுதான் அளவு. ஃபேனை நிறுத்திட்டுக் கேளு. அழுத்தவும் கூடாது. அந்த ரேசரோட எடையே போதும்.

மல்கோவா தோல் சீவும்போது கத்தியைப் படுக்க வச்சா தோல் மட்டும் சுருள் சுருளா வரும், நிமிர்த்தினா சதையையும் தோண்டும். தங்கச்சிகிட்ட கேளு, அது சொல்லும். நீ இத்தனை வருஷமா தோண்டிக்கிட்டு இருக்கே.

சும்மா வாய்ப்பேச்சு பேசறேன்னு நினைக்காதே. என் மூஞ்சியிலயே பந்தயம் வச்சுப் பார்த்தேன். ஒரே பிளேடு, ஒரே சோப்பு. இடது கன்னம் தூக்கின கை, வலது கன்னம் உன் கை. அடுத்த நாள் பக்கத்தை மாத்திக்கிட்டேன். முடிச்ச கையோட தடவிப் பார்த்தா உன் பக்கம்தான் வழவழன்னு இருக்கு, அதை ஒத்துக்கறேன். படிகாரக் கட்டியை நனைச்சுத் தேய்ச்சப்போதான் குட்டு வெளிப்பட்டது. தூக்கின பக்கம் சில்லுன்னு ஒரு சின்ன உணர்ச்சி, அவ்வளவுதான். உன் பக்கம் தீயா எரியுது. ரத்தம் தெரியாட்டியும் மேல்தோல் போயிருக்குன்னு அர்த்தம். சாயங்காலத்துக்குள்ள கழுத்துல சிவப்பு சிவப்பாப் புள்ளி. தூக்கின பக்கத்துல தாடை மூலையில கொஞ்சம் முடி மிச்சம் இருந்தது, வாஸ்தவம். இன்னொரு தடவை நுரை போட்டு இழுத்தா அதுவும் போயிடுது. ஒரே இழுப்புல எல்லாம் போகணும்னு உனக்கு எப்பவுமே ஒரு அவசரம். சாப்பாட்டு வரிசையிலயும் அப்படித்தான் நின்னே.

இந்தக் கோணமே நமக்கு ஏன் மறந்து போச்சுன்னு யோசிச்சேன். 1971-ல ஜில்லெட்காரன் ரெட்டை பிளேடு வச்ச டிராக் டூவைக் கொண்டு வந்தான். 1977-ல அட்ரான்னு இன்னொரு ரேசர்ல தலையையே ஆட வச்சான். அதுக்கப்புறம் கோணத்தைத் தலையே பார்த்துக்கிச்சு, கைக்கு வேலை இல்லை. பையன் தலைமுறைக்கு இது தெரியாது. தெரியாமத்தான் உனக்கு அந்த முரட்டு ரேசரை வாங்கிக் கொடுத்திருக்கான். அவனைத் திட்டாதே.

அந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச கிங் கேம்ப் ஜில்லெட் கதை உனக்குப் பிடிக்கும். 1903-ல விற்பனைக்கு வந்த வருஷத்துல மொத்தமே 51 ரேசர், 168 பிளேடுதான் போச்சாம். அடுத்த வருஷம் 90,000 ரேசருக்கு மேல! யோசனை அந்த ஆளோடது, ஆனா காகிதம் மாதிரி இருக்கிற எஃகுத் தகட்டைக் கோணாம பதப்படுத்த வழி கண்டுபிடிச்சது வில்லியம் நிக்கர்சன்னு ஒரு இன்ஜினீயர். பேர் என்னவோ ஜில்லெட்டுக்குத்தான். ரோலிங் மில்லுல தகட்டுக் காயில் சுருளும்போது ஓரம் அலையடிச்சா நாம பட்ட பாட்டை நினைச்சுக்கிட்டேன். ஓமலூரான் கேட்கிறான், "நம்ம ஸ்டீல் பிளான்ட் தகட்டுலயே பிளேடு போட்டிருக்கலாமேடா?" இத்தனை வருஷம் அங்கே சம்பளம் வாங்கினவன் கேட்கிற கேள்வியா இது? பாத்திரத்துக்குப் போற 304 ரக எவர்சில்வரை எவ்வளவு சூடாக்கி முக்கினாலும் கெட்டிப்படாது. பிளேடுக்கு வேண்டியது 13 சதவீதம் குரோமியம், கூடவே நல்லாக் கார்பன் சேர்ந்த வேற ஜாதி எஃகு. சொன்னேன். "அப்ப நம்ம ஊர் டம்ளரால ஷேவ் பண்ண முடியாதுங்கறே"ன்னான். அவனைத் திருத்த முடியாது.

இன்னொண்ணு படிச்சேன், அசந்து போயிட்டேன். முடி எஃகை விட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மிருதுவானது. அது எப்படி பிளேடை மழுக்குது? 2020-ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ஜெம் தாசன் குழு மைக்ராஸ்கோப்புக்கு அடியில பிளேடை வச்சு முடியை வெட்டிப் பார்த்திருக்காங்க. அதுல ரோசியோலின்னு ஒரு மாணவன் தானே ஷேவ் பண்ணிப் பண்ணி பிளேடைக் கொண்டு போய்ப் பார்த்திருக்கான். நுனி தேயறதை விட, சில்லு சில்லாப் பேர்ந்து போகுதாம். எஃகுக்குள்ள சீரில்லாத இடத்துல முடி சாய்வா வந்து மோதினா, வளையற முடியே அந்த இடத்தைப் பேர்த்துடுது. காய்ஞ்ச தாடியில பிளேடு ஓட்டாதேன்னு நம்ம சலூன்காரர் சொல்வாரே, அந்த ஞாபகம் வந்தது. ஊறின முடியை வெட்டக் குறைஞ்ச பலம் போதும். நீ ஏற்காட்டுக் குளிர்ல பச்சைத் தண்ணியில முகம் கழுவிட்டு உடனே ஆரம்பிக்கிறேன்னு தெரியும். குளிர்ல புல்லரிச்சுக் கிடக்கிற தோல்ல ஒவ்வொரு மேடும் பிளேடுக்கு ஒரு படி. வெந்நீர் வச்சு ரெண்டு மூணு நிமிஷம் ஊற விடு. எங்க போர் தண்ணியில நுரையே நிக்க மாட்டேங்குது, அங்க உனக்கு அந்தக் கவலையும் இல்லை.

சரி, அந்த இன்னொரு காரணம்.

அப்பாவுக்கு ஆடியில பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாச்சு. வலது பக்கம் அசைவு இல்லை, பேச்சும் வரலை. ஆனா எல்லாம் புரியுது. அவர் ஷேவ் பண்ணாம ஒரு நாள் கூட வெளித்திண்ணைக்கு வந்தவர் இல்லைன்னு உனக்கே தெரியும். கட்டில்ல வெள்ளைத் தாடியோட படுத்திருந்ததை என்னால பார்க்க முடியலை. நர்ஸ் அம்மா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுக்கிறோம், வெட்டினா ரத்தம் நிக்க நேரமாகும், டிரிம்மர் போடுங்கன்னாங்க. நல்ல யோசனைதான். டிரிம்மர் சத்தம் கேட்டதும் அப்பா இடது கையால தட்டி விட்டுட்டார். மறுபடி கிட்ட கொண்டு போனா முகத்தைத் திருப்பிக்கிட்டார். டாக்டர்கிட்ட கேட்டேன், ஜாக்கிரதையா, அவசரப்படாம பண்ணுங்கன்னார். அப்பறம் அலமாரியிலிருந்து அவரோட ரேசரை எடுத்தேன். அடியில திருகினா மேல ரெண்டு கதவு திறக்குமே, அது.

மாப்ளே, அடுத்தவன் முகத்துல ஷேவ் பண்றது வேற வித்தை. நம்ம முகத்துல கை மட்டும் வேலை செய்யறதில்லை, கன்னமும் பதில் சொல்லுது. எங்க கடிக்குது, எங்க வழுக்குதுன்னு தோலே சொல்லிடும். அப்பா கன்னம் எனக்கு ஒண்ணும் சொல்லாது, அவர் வாயும் சொல்லாது. போதாததுக்கு வலது கன்னம் தளர்ந்து தொங்குது. கன்னத்தை உப்பச் சொன்னா இடது பக்கம்தான் உப்பும். அங்க என்ன கோணத்தைக் கண்டுபிடிக்கிறது? தோல் மடிஞ்சா பிளேடுக்கு முன்னால சுவர் எழுப்பின மாதிரி நிக்கும். இடது கைக் கட்டை விரலால காதோரமாத் தோலை மேல இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, மூடியைப் படுக்க வச்சு, விரக்கடை விரக்கடையா இழுக்கறேன். சத்தம் ஒண்ணுதான் துணை. அதனால ரேடியோவைக் கூட நிறுத்திடறேன். நீ சொல்ற "ஒட்ட" இங்கே வேண்டவே வேண்டாம். மேலாப்புல முடி போனா போதும்.

முடிச்சதும் அவர் என்ன பண்றார் தெரியுமா? இடது கையைத் தூக்கி, தாடையிலிருந்து காது வரைக்கும் எதிர்ப்பக்கமாத் தடவிப் பார்க்கிறார். விட்டுப்போன இடத்துல விரல் நின்னுடும். அங்கேயே ரெண்டு தட்டு தட்டுவார். பேச்சு போனப்பறமும் என்னை வேலை வாங்கற பவர் போகலை. முந்தாநாள் மேலுதட்டோரம் தட்டிக்கிட்டே இருந்தார், நானும் எடுத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில உன் மருமக வந்து, "தாத்தா மீசையைச் சரி பண்ணச் சொல்றார்ப்பா"ன்னா. அவர் தலையை ஆட்டினார். சிரிச்சாரான்னு கேட்காதே. அரைப் பக்கம் சிரிச்சார்.

எனக்கு என்ன பயம்னா, இந்தக் கை எத்தனை நாளைக்கு நடுங்காம இருக்கும்? எனக்கும் வயசாகுதுல்ல. பிஸியோதெரபிக்கு வர்ற பையன், இடது கையிலயே ரேசரைக் கொடுத்துப் பழக்கலாமான்னு கேட்கிறான், பிளேடு இல்லாம முதல்ல. வெறும் நுரையை வழிச்சுப் பழகட்டுமேங்கிறான். எனக்கும் சரின்னுதான் படுது. வாழ்நாளெல்லாம் வலது கையில பிடிச்சவர், அந்தக் கோணம் இடது கைக்குப் போகுமான்னு தெரியலை. நீ இடது கைக்காரன். கைப்பிடியை எந்த விரல்ல தாங்கறே, வலது கன்னத்துக்குப் போகும்போது மணிக்கட்டைத் திருப்பறியா, முழங்கையைத் திருப்பறியா, இதெல்லாம் பார்த்து விவரமா எழுது. விளையாட்டு வேண்டாம், நிஜமாவே எனக்கு வேணும்.

ஓமலூரான் பொண்ணு கல்யாணம் தையில, செவ்வாய்ப்பேட்டையில. பத்திரிகை வந்திருக்கும். ரெண்டு நாள் முன்னாடியே இறங்கி வந்துடு, அப்பாவையும் பார்த்த மாதிரி இருக்கும். காபிக்கொட்டை கொண்டு வந்தா வறுக்காமக் கொண்டு வா, போன தடவை கரிச்சுக் கொடுத்துட்டே. அதுவரைக்கும் பையன் கொடுத்த ரேசர்ல கழுத்துப் பக்கம் போகாதே. அங்க முடி எந்தப் பக்கம் வளருதுன்னு விரலால தடவிப் பார்த்து, இடது கை விவரத்தோட அதையும் எழுது. கழுத்துக்குத் தனிக் கடுதாசி போடறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
மூணாம் நம்பர் பக்கெட்