ரோமுக்கு நம்ம ஆளுங்கள கூட்டிட்டு போற டூர் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். சென்னை, கோயம்புத்தூர், திருச்சின்னு நம்ம ஊர்கள்ல இருந்து ஐரோப்பா குரூப் டூர் நடத்துற எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதறேன். எந்த கம்பெனி பேரும் சொல்லப்போறதில்ல, ஏன்னா விசாரிச்ச வரைக்கும் முக்கால்வாசி பேரோட ஐட்டினரரியும் ஒரே மாதிரிதான் இருக்கு. ரோமுக்கு ஒரே நாள். காலைல வாட்டிகன், மதியம் சாப்பாடு, அப்புறம் உச்சி வெயில்ல கொலோசியம். அதுவும் "போட்டோ ஸ்டாப்", அதாவது உள்ள போகாம வெளிய நின்னு படம் எடுக்கறதோட சரி.

போன ஜூலைல அப்பா அம்மாவோட நானும் அப்படி ஒரு குரூப்ல போனேன். வந்தவங்கள்ல பாதிக்கு மேல அறுபது தாண்டினவங்க, ரிட்டயர்மென்ட் பணத்துல ஆசையா கிளம்பி வந்தவங்க. பெரிய டூர் பஸ்ஸ சென்டருக்குள்ள ரொம்ப தூரம் விடமாட்டாங்க, அதனால எங்கயோ இறக்கிவிட்டு நடக்க வச்சாங்க, மணி ரெண்டு, நிழல்னு சொல்ல ஒரு மரம் இல்ல, அம்மாவுக்கு தலை சுத்தி சுவரோரமா உக்காந்துட்டாங்க, டூர் மேனேஜர் தம்பி என்னடான்னா "நம்ம ஊர் வெயிலுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா"ன்னு சிரிக்கறார்.

அந்த வார்த்தைதான் இந்த மடலுக்கு காரணம். 2023 ஜூலைல ரோம் 40 டிகிரிய தாண்டுச்சுங்க. நம்ம ஊர்ல அந்த வெயில்ல எழுபது வயசு ஆள யாராவது ரெண்டு மணிக்கு வெளிய அனுப்புவோமா? கோயிலுக்கு போனாக்கூட மண்டபம் இருக்கு, பிரகாரத்துல கால் சுடாம இருக்க பாய் விரிச்சிருப்பாங்க. கொலோசியத்துக்கு பக்கத்துல இருக்கற ரோமன் ஃபோரம்ல, அதாவது பழைய ரோமோட மையச் சதுக்கத்துல, கூரையெல்லாம் இடிஞ்சு ரொம்ப நூற்றாண்டு ஆச்சு. வெறும் தூணும் கருங்கல் பாதையும்தான். அந்த கல்லு மேடு பள்ளமா வேற இருக்கும், முட்டி வலிக்காரங்க ஒவ்வொரு அடியும் பாத்து வைக்கணும்.

அந்தக் காலத்து ரோமானியர்களே இந்த வெயில லேசா எடுத்துக்கல. கி.பி. 80-ல திறந்த கொலோசியத்துல உக்காந்து சண்டை, விளையாட்டு பாக்கறவங்களுக்கு மேல துணிப்பந்தல் விரிக்க ஏற்பாடு இருந்துச்சு, அத இழுத்துக் கட்டறதுக்குன்னே கடற்படை ஆளுங்கள வச்சிருந்தாங்க. பந்தல் கம்பத்த தாங்கின கல்லுங்க மேல் சுவர்ல இன்னிக்கும் நீட்டிட்டு நிக்குது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அவங்க யோசிச்சத நாம இப்ப யோசிக்கலன்னா எப்படி?

நான் கேக்கறது செலவு ஜாஸ்தியான விஷயமும் இல்ல. வரிசைய மாத்துங்க, அவ்வளவுதான். காலைல கேட் திறக்கறப்பவே கொலோசியம், உடனே ஃபோரம், வெயில் ஏறறதுக்குள்ள பாலடைன் குன்று மேல ஏறிட்டா அங்க மரமும் தோட்டமும் இருக்கு, மேல இருந்து ஃபோரம் முழுசும் கண்ணுக்கு கீழ விரியும். மூணுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், சாதாரண டிக்கெட் 18 யூரோ. பேர் போட்டுதான் தருவாங்க, ஐடி பாப்பாங்க, அதனால பாஸ்போர்ட்ட ஹோட்டல் லாக்கர்லயே விட்டுட்டு வர சொல்லாதீங்க. மதியத்துக்கு பாந்தியன்ங்கற பழைய ரோமானிய கோயில் மாதிரி கூரை இருக்கற இடமா பாத்து வைங்க. இல்ல காலைல முடியவே முடியாதுன்னா சாயங்காலம் வைங்க, கோடைல கொலோசியம் ஏழேகால் வரைக்கும் இருக்கு, ஒரு மணி நேரம் முன்னாடி உள்ள போயிட்டா போதும், ஜூலைல அங்க சூரியன் மறையவே எட்டரை தாண்டிடும்.

அப்புறம் தண்ணி. எங்க குரூப்ல எல்லாரும் வாசல்ல விக்கறவங்ககிட்ட பாட்டில் பாட்டிலா வாங்கினாங்க. அந்த ஊர்ல 1874-ல இருந்து தெருவுக்குத் தெரு இரும்புல குடிதண்ணி குழாய் நட்டு வச்சிருக்காங்க, நாசோனின்னு பேரு, கிட்டத்தட்ட 2,500 இருக்கு, நாள் முழுக்க ஓடுது, நல்லா ஜில்லுன்னு இருக்கு, ஒத்த பைசா வேணாம். குழாய் வாய விரலால அடைச்சா மேல இருக்கற ஓட்டை வழியா பீச்சும், குனியாமலே குடிக்கலாம். இத பஸ்லயே மைக்ல சொல்லியிருந்தா போதுமே!

இன்னொரு குறை இருக்கு, எனக்கு வெயில விட இதுதான் மனசுக்கு கஷ்டம். எங்கப்பா நாப்பது வருஷம் மளிகைக்கடை வச்சிருந்தவர். ஃபோரம்ல மாக்சென்டியஸ் பசிலிக்கான்னு பெரிய பெரிய வளைவுகளோட ஒரு கட்டடம் நிக்குதே, அதுக்கு அடியில டொமிஷியன்ங்கற ரோம் பேரரசர் காலத்து மிளகு குடோன் இருந்துச்சு. சேர நாட்டு முசிறி துறைமுகத்துல ஏத்தின மாதிரி நம்ம பக்கத்து மிளகு அங்க போய் சேர்ந்திருக்கு. யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்புச்சுன்னு நம்ம சங்கப்பாட்டு சொல்லுது, அந்தப் பக்கம் ரோமானிய எழுத்தாளர் பிளினி வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்கு போகுதேன்னு புலம்பி எழுதி வச்சிருக்கார். இவ்வளவும் இருக்கற இடத்துக்கு வெளிய அப்பாவ கால் மணி நேரம் நிக்க வச்சு போட்டோ எடுத்து கூட்டிட்டு வந்துட்டோம். ஊருக்கு வந்தப்புறம் நான் படிச்சு சொன்னதும் "அடடா, உள்ள விட்டிருந்தா பாத்திருப்பேனே"ன்னு கேட்டார். ஒவ்வொரு குரூப்லயும் இப்படி ஒரு அப்பா இருப்பார், உங்க கைடுக்கு இந்த ஒரு கதையாவது சொல்லிக்குடுங்க.

பிரவுச்சர்ல "கொலோசியம்"னு மட்டும் போடாம உள்ளயா வெளியயா, எத்தன மணிக்குன்னு தெளிவா போடுங்க. வயசானவங்க குரூப்புக்கு ஜூலை ஆகஸ்ட் வேணாம், அக்டோபர்ல பூஜை லீவ ஒட்டி ஒரு பேட்ச் போடுங்க. எங்க சித்தப்பா சித்தி அடுத்த வருஷம் கிளம்பறாங்க, இப்பவே நாலஞ்சு கம்பெனி பிரவுச்சர் வாங்கி வச்சாச்சு. காலை நேரம், உள்ள என்ட்ரின்னு எழுத்துல குடுக்கற கம்பெனிக்குத்தான் அட்வான்ஸ் கட்டப்போறோம்.