மலைநடைச் சங்கம், கொடைக்கானல்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நடந்த கதையை மட்டும் நான் சொல்கிறேன்.

நடக்கக் கிடைத்த நாட்கள் இந்த ஆண்டும் குறைவுதான். மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) வந்தது; மதுரை, திண்டுக்கல் உறுப்பினர்கள் அதை எடுக்கப் பழகிக்கொண்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பிப்ரவரி 15-இலிருந்து ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று மலையேற்றம் நிறுத்தப்பட்டது. இதற்கு முணுமுணுத்தவர்களுக்கு ஒன்று: 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நமக்கு அடுத்த மலையில்தான். காய்ந்த புல்லில் தீ காற்றோடு மேல்நோக்கி ஓடும். மனிதன் அதை முந்த முடியாது. தடை வந்தால் வீட்டில் இருப்போம்.

இனி, குழுவில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயம். காட்டுக்குள் நாம் வழக்கமாகப் போகும் வட்டப்பாதையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது? வலமாகப் போனால் முதலிலேயே செங்குத்தான ஏற்றம். கீழ்ப்பாதி சோலை, மேல்பாதி பைன். அப்புறம் புல்வெளி, கடைசியில் பழைய ஜீப் பாதை வழியாக இறக்கம். இடமாகப் போனால் எல்லாம் தலைகீழ். பெரியவர்கள் சிலர் இடப்பக்கமே கேட்டார்கள், மூச்சு வாங்காது என்பதால். சரி, பார்க்கலாம் என்று ஆகஸ்டில் அப்படியே போனோம்.

போகும்போது சுகமாகத்தான் இருந்தது. இறங்கும்போதுதான் தெரிந்தது. பைன் ஊசி இலைகள் காய்ந்து மெத்தை போலக் கிடந்தன. மேலே வைத்த கால் இலையோடு சேர்ந்து வழுக்கியது. அதற்குக் கீழே சோலைக்குள் நனைந்த வேரும் பாசிப் பாறையும். ஒரு புது உறுப்பினரின் ஷூவில் அடிப்பாகம் முழுசாகக் கழன்று சேற்றிலேயே நின்றுவிட்டது. பல வருடம் அலமாரியில் கிடந்த ஷூ அது. பார்க்கப் புதுசாக இருந்தாலும் அடியில் இருக்கும் நுரைப்பொருள் ஈரக்காற்றில் உளுத்துப்போகும். வழிகாட்டி தன் பையிலிருந்த சணல் கயிற்றால் அடியையும் மேலையும் சேர்த்து மூன்று சுற்று கட்டி, முடிச்சைப் பாதத்தின் மேல்பக்கம் வைத்தார். முடிச்சு அடியில் இருந்தால் தேய்ந்து அறுந்துவிடுமாம். அந்தக் கட்டோடு புது உறுப்பினர் ரோடு வரை வந்து சேர்ந்தார். கணுக்கால் லேசாகப் பிசகியது, இப்போது நலம்.

ஆகவே குழுவின் முடிவு: இனி வலப்பக்கம் மட்டும். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், சறுக்க ஆரம்பித்தால் நிற்க முடியாது. ஏற்றம் சிரமம் என்பவர்கள் ஜீப் பாதையில் புல்வெளி வரை வந்து திரும்பட்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்குள் புல்வெளியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரிவதில்லை.

2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நாம் நடப்பது அதன் எல்லைக்குள்தான், அனுமதி இல்லாமல் ஒருவரும் போகக் கூடாது. வழிகாட்டி முன்னால் போவது சம்பிரதாயத்துக்காக இல்லை. பளியர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த நம் வழிகாட்டி ஒருநாள் திருப்பத்தில் கையை மட்டும் உயர்த்தினார். “கன்னோட நிக்குது சார், பேசாம இருங்க.” எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. அரைமணி நேரம் கழித்துக் காட்டுமாடு தானாக விலகியபோதுதான் அது எவ்வளவு பக்கத்தில் நின்றது என்று புரிந்தது. அவருக்கான கூலியை இந்த ஆண்டு உயர்த்தியிருக்கிறோம். அதற்கு ஆட்சேபம் வந்தால் நானே பதில் சொல்கிறேன்.

காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைக்கு டெட்டால், வேப்பெண்ணெய், மூக்குப்பொடி என்று ஆளுக்கொரு வைத்தியம். துணியில் உப்பை முடிந்து குச்சி நுனியில் கட்டி, நனைத்துத் தொட்டால் போதும், விழுந்துவிடும். பிய்த்து எடுக்காதீர்கள்.

பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்பதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. குறிஞ்சி எப்போது பூக்கும் என்று கேட்டு வரும் புதியவர்களுக்கு: 2018-இல் பூத்தது, அடுத்து 2030. அதுவரை சந்தாவைத் தவறாமல் கட்டவும்.

வரும் ஆண்டுக்கு ஒரு நல்ல கயிறும் இரண்டு முதலுதவிப் பெட்டிகளும் வாங்கப் பொதுக்குழுவின் அனுமதியைக் கோரி, இந்த அறிக்கையை ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்