வராந்தாவில் நடந்தால் பாடம் திருந்தாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளித் தலைமை பற்றிய தங்கள் தலையங்கம், தலைமையாசிரியர் தினமும் எல்லா வகுப்புகளையும் ஒரு சுற்று சுற்றி வந்தாலே கற்பித்தல் மேம்பட்டுவிடும் என்கிறது. ஒழுங்குக்கு அது உதவும். ஆசிரியர் வராத வகுப்பும் வெளியில் திரியும் பிள்ளைகளும் கண்ணில் படுவார்கள். பாடம் நடத்தும் முறை மட்டும் அதனால் மாறுவதில்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய நூறு பள்ளித் தலைவர்கள் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கூடவே இருந்து கணக்கெடுத்து, கிரிஸம், லோப், மாஸ்டர் ஆகிய மூவர் 2013இல் வெளியிட்டார்கள். கற்பித்தல் சார்ந்த வேலைக்குக் கிடைத்தது மொத்த நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான். அதிலும் அதிகம் பிடித்துக்கொண்டது வகுப்புகளை எட்டிப் பார்க்கும் இந்தச் சுற்று. ஆசிரியருக்குப் பயிற்சி தருவதில் தலைவர் கூடுதல் நேரம் செலவிட்ட பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் கூடியிருந்தது. சுற்றுக்கு அதிக நேரம் போன பள்ளிகளில், முக்கியமாக மேல்வகுப்புப் பள்ளிகளில், குறைந்திருந்தது. பார்த்ததைக் கொண்டு மேற்கொண்டு ஒன்றும் செய்யாததே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. எட்டிப் பார்த்துவிட்டுப் போன தலைமையாசிரியர் என்ன நினைத்தாரோ என்ற கவலை மட்டும்தான் ஆசிரியருக்கு மிஞ்சுகிறது.

அப்படியென்றால் என்ன செய்வது? ஒரு வகுப்பில் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் ஆசிரியரின் குரலும் கரும்பலகை எழுத்தும் தெரியும், அவ்வளவுதான். கேள்வி பிறந்து, பதில் வந்து, ஒரு தவறு தலைகாட்டி, அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது தெரிய அதற்கு மேலும் நேரம் வேண்டும். கடைசி பெஞ்ச் இதற்கு உதவாது, அங்கிருந்து பிள்ளைகளின் பின்மண்டைதான் தெரியும். பக்கவாட்டில், முன்வரிசையை ஒட்டி உட்கார்ந்தால் முகமும் தெரியும், நோட்டும் தெரியும். ஆசிரியர் பலகையில் பிழையே எழுதினாலும் பிள்ளைகள் முன்னால் வாய் திறக்கக் கூடாது. அன்று இழந்த நம்பிக்கையை அந்த ஆண்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

எழுதும் குறிப்பில்தான் பாதி விஷயம் இருக்கிறது. "வகுப்பு நன்று", "மாணவர் ஈடுபாடு போதாது" என்பவை குறிப்புகள் அல்ல, தீர்ப்புகள். தீர்ப்பைக் கேட்பவர் ஒன்று தலையாட்டுவார், இல்லையென்றால் எதிர்வாதம் செய்வார். முப்பது வரிசைப் படிவத்தில் ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடும் பழக்கமும் இதே வகைதான். முதல் இரண்டு வரிசையில் நாலு போட்டவர் மீதியிலும் நாலே போட்டுக்கொண்டு போவார். நேரத்தையும், சொன்ன சொல்லையும், நோட்டில் இருந்ததையும் அப்படியே எழுதிய குறிப்பு இப்படி இருக்கும்:

10.42. "1/2 உடன் 1/3ஐக் கூட்டினால் என்ன வரும்?" ஒரு நொடி. முதல் வரிசை மாணவி: "5/6." ஆசிரியர்: "கரெக்ட். எல்லாருக்கும் புரிஞ்சுதா?" வகுப்பு முழுதும்: "புரிஞ்சுது சார்!"
10.43. அடுத்த கணக்கு. ஜன்னலோரம் நான்கு நோட்டுகள், மூன்றில் 2/5.

இதில் ஓர் அபிப்பிராயமும் இல்லை. இதைக் கையில் வாங்கிப் படிக்கும் ஆசிரியருக்கு, மேலே ஒரு வார்த்தை சொல்லாமலே விஷயம் விளங்கிவிடும். மேலெண்ணோடு மேலெண், கீழெண்ணோடு கீழெண் என்று கூட்டிய மூன்று பிள்ளைகளும் "புரிஞ்சுது" என்று சேர்ந்து கத்தியவர்கள்தான். கூடவே வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்று வைத்துக்கொண்டு, பதில் சொன்னவர் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தால், ஒரே ஐந்தாறு பிள்ளைகள்தான் வகுப்பை நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

அந்த "ஒரு நொடி" முக்கியமானது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் விடுவதும் குறைந்தது. பதில் வந்த பிறகு விட வேண்டிய இரண்டாவது இடைவெளியையும் அவர் வற்புறுத்தினார். பலரும் மறந்துவிடுவது அதைத்தான். பிள்ளை சொல்லி முடிக்குமுன் "கரெக்ட்" என்று விழுந்தால், மற்றவர்கள் யோசிப்பதை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

பார்த்த அன்றே, தவறினால் மறுநாள் மதியத்துக்குள், இருபது நிமிடம் பேச வேண்டும். ஒரு வாரம் போனால் இருவருக்கும் நினைவிருக்காது. தலைமையாசிரியர் அறையில், மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்தால் அது விசாரணை. ஆசிரியரின் வகுப்பறையே காலியாக இருக்கும் நேரம் நல்லது. முதலில் அவர் குறிப்பைப் படிக்கட்டும். பிறகு ஒரு கேள்வி: "2/5 எழுதின பிள்ளை என்ன நினைச்சு எழுதியிருக்கும்?" பேச்சு ஆசிரியரிடமிருந்து விலகிப் பிள்ளையின் மேல் திரும்புவதால் தற்காப்பு தளர்ந்துவிடும்.

முடிவில் ஒரே ஒரு மாற்றம். ஏழு யோசனை சொல்லும் தலைமையாசிரியருக்கு ஏழும் நடக்காது. மேலே சொன்ன வகுப்புக்கு அந்த ஒன்று இப்படி இருக்கலாம்: யாரையும் பெயர் சொல்லி அழைக்குமுன் எல்லாரும் துண்டுத்தாளில் விடை எழுதி, "மூன்று" என்றதும் ஒன்றாகத் தூக்குவது. இதிலும் இரண்டு இடங்களில் சறுக்கும். எண்ணிக்கை சொல்லாமல் விட்டால் பின்வரிசை முன்வரிசையைப் பார்த்து எழுதும். ஆசிரியரின் கண்ணோ சரியான விடைகளின் மேலேயே போய் நிற்கும். அதனால் "முதலில் தப்பானதைத் தேடுங்கள்" என்று சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த படியை ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் செய்யாமலே விட்டுவிடுகின்றன. அந்தக் காலி வகுப்பில் ஆசிரியர் எழுந்து நின்று, கேள்வியைச் சொல்லி, காத்திருந்து, தாள்களைப் பார்ப்பதுபோல் செய்து காட்ட வேண்டும். தலைமையாசிரியர் 2/5 எழுதிய பிள்ளையாக உட்கார வேண்டும். முதல் தடவை இருவருக்கும் கூச்சமாக இருக்கும், இரண்டாம் தடவை போய்விடும். நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது வாய் பழைய வழக்கத்துக்கே போகும் என்பதால்தான் இந்த ஒத்திகை. விளக்கமும் மாதிரிப் பாடமும் மட்டும் வகுப்பறைவரை போய்ச் சேருவது அரிது, கூடவே இருந்து வழிகாட்டினால்தான் சேரும் என்பது 1980களில் ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ஜாய்ஸ், ஷவர்ஸ் இருவரும் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். ஒரு வாரம், பத்து நாளுக்குள் அதே வகுப்புக்குப் போய்ப் பத்து நிமிடம் அந்த ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். புதிதாகக் கண்ணில் படும் குறை அடுத்த முறைக்கு.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உட்கார 15 நிமிடம், குறிப்பைச் சீர்செய்ய 10, பேச 20, மறுபடி போய்ப் பார்க்க 10. ஆக 55 நிமிடம். 24 ஆசிரியர்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் வாரத்துக்கு 12 பேர், 11 மணி நேரம். தலைமையாசிரியர் ஒருவரால் முடியாது. உதவித் தலைமையாசிரியரும் மூத்த ஆசிரியர் ஒருவரும் பங்கிட்டால் ஆளுக்கு எட்டு ஆசிரியர்கள், வாரத்துக்கு நான்கு பேர், 3 மணி 40 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளையாகக் கொண்டால் வாரத்துக்கு ஐந்தரை. கால அட்டவணை போடும்போதே இந்த வேளைகளை அடைத்துவிட வேண்டும், மூத்த ஆசிரியருக்கு அந்த அளவு வகுப்புகளைக் குறைத்தும் தர வேண்டும். மிச்ச நேரத்தில் செய்து கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும்.

பாட அறிவு இன்னொரு சிக்கல். மொழி படித்த தலைமையாசிரியர் இயற்பியல் வகுப்பில் கேள்வி முறையைப் பார்க்கலாம், கருத்துப் பிழையைப் பிடிக்க முடியாது. ஜப்பானில் நீண்ட காலமாக நடந்துவரும் பாட ஆய்வு முறை இதற்குத் தோதானது. ஒரே பாடத்தின் மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசித் திருத்தி, வேறு பிரிவில் மீண்டும் நடத்தலாம். தலைமையாசிரியர் செய்ய வேண்டியது, மற்றவர்களின் வகுப்புகளுக்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலி போட்டு உட்காருவது. ஆசிரியர் மேம்பாட்டை முன்னெடுத்து, அதில் தானும் பங்கெடுக்கும் தலைமைக்கே மாணவர் கற்றலில் அதிகப் பலன் என்று 2008இல் விவியன் ராபின்சன் குழு கண்டது.

ஆனால் அடுத்த தேர்விலேயே மதிப்பெண் எகிறும் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். இத்தகைய பயிற்சி பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் கிராஃப்ட், பிளாசர், ஹோகன் வெளியிட்ட கட்டுரையில், கற்பிக்கும் முறையில் மாற்றம் பெரிதாகவும் மாணவர் மதிப்பெண்ணில் அதைவிடக் குறைவாகவும் இருந்தது. திட்டம் பெருகி ஆசிரியர் எண்ணிக்கை கூடியபோது பலன் நீர்த்தும் போனது. அறிவிப்பு ஒன்றை வெளியிட்டு எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நாளில் தொடங்கத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, அந்தக் குறிப்பேடு. ஆண்டு மதிப்பீட்டுக் கோப்பில் அதைச் சேர்த்தால், மறுநாளிலிருந்து ஆசிரியர் தலைமையாசிரியருக்காகவே பாடம் நடத்துவார். ஏற்கெனவே நடத்திய கணக்கு, ஏற்கெனவே விடை தெரிந்த பிள்ளை, அழகான பலகை என்று எல்லாம் தயாராக இருக்கும். மதிப்பீட்டுக்கு வேறு நாள், வேறு தாள் வைத்துக்கொள்ளலாம். இந்தக் குறிப்பேடு அந்த ஆசிரியரின் மேஜையிலேயே இருக்கட்டும், அலுவலகத்துக்கு நகல் வேண்டாம்.

இப்படிக்கு,
பள்ளி மேற்பார்வைப் பணியில் உள்ள வாசகர்