மேலே ஏறப் போகும் மகளுக்கு

அன்பு மகளே,

ஊரையே மேலிருந்து பார்க்கலாமே, அந்த உயரமான கட்டடத்தின் உச்சித் தளத்துக்கு எந்த நேரத்துக்கு டிக்கெட் போடலாம் என்று கேட்டிருந்தாய். நான் ஒரு தடவை நட்ட நடு மத்தியானத்தில் ஏறி ஏமாந்தவன், அதனால் சொல்கிறேன். கூட்டமே இல்லை. ஏன் இல்லை என்பது மேலே போனதும் புரிந்தது. சூரியன் தலைக்கு மேல் நின்றால் கட்டடங்களுக்கு நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் எது உயரம், எது பள்ளம் என்றே தெரியாது. ஊர் முழுக்க வெளிறிப்போய், தட்டையாகக் கிடந்தது.

நீ சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே மேலே நிற்கிற மாதிரி போ. டிக்கெட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் வாசலில் நுழையும் நேரம்தான். பை சோதனை, லிஃப்ட் வரிசை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடு. அந்த நேரத்துக்குக் கூட்டமும் அதிகம், சில இடங்களில் கட்டணமும் அதிகம். பரவாயில்லை, கொடு. எவ்வளவு நேரம் இருக்க விடுவார்கள் என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்.

சூரியன் மறைந்ததும் பாதிப் பேர் லிஃப்ட் பக்கம் திரும்புவார்கள். நீ நகராதே. அடுத்த 20 நிமிடம்தான் விஷயமே. வானம் கறுக்காமல் ஆழ்ந்த நீலமாக நிற்கும். கீழே தெருத் தெருவாக விளக்கு எரியத் தொடங்கும். சாலையில் ஒரு பக்கம் வெள்ளைப் புள்ளிகளும் மறுபக்கம் சிவப்புப் புள்ளிகளும் ஊரும். போனில்கூட அப்போது படம் நன்றாக விழும். முழுக்க இருட்டிவிட்டால் கண்ணாடியில் உன் முகம்தான் தெரியும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள், ஃப்ளாஷை அணைத்துவிடு, போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடி.

ஒரு வேடிக்கை தெரியுமா? 400 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குச் சூரியன், தரையில் இருப்பவரைவிட 2 நிமிடம் போலப் பிந்தித்தான் மறையும். தொடுவானமும் அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் புகைமூட்டம் இருந்தால் பக்கத்து மலைகூடத் தெரியாது. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் விடாதே, தூசியெல்லாம் இறங்கியிருக்கும். அதனால் தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்து வாங்கு.

கூட்டம் ஆகவே ஆகாது என்றால் காலையில் திறந்ததும் முதல் ஆளாகப் போ. ஆனால் தாழ்ந்த மேகம் இருந்தால் அன்றைக்குக் கண்ணாடிக்கு வெளியே வெறும் பஞ்சுதான்.

அப்புறம், திறந்தவெளித் தளம் என்றால் காற்று பிய்த்துக்கொண்டு போகும், கீழே இருப்பதைவிடக் குளிரும். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். எடுத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

அன்புடன்,
அப்பா