கணேசனுக்கு, 'யூனியன் பசிபிக்' பார்த்த பிறகு

அன்புள்ள கணேசா,

உன் கடிதமும் பென் டிரைவும் வந்து சேர்ந்தன. உடனே பதில் போடாததற்கு முட்டிவலியைக் காரணம் சொல்லப் போவதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். பார்த்ததும் அதை ஒட்டிச் சில புத்தகங்களைத் தேடிப் படிக்க வேண்டியதாகிவிட்டது. ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை!

இங்கே எல்லாரும் நலம். கமலாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையால் என்கிறார் டாக்டர், வெந்தயத் தண்ணீரால் என்கிறாள் இவள். நான் இரண்டு பேரிடமும் ஆமாம் போட்டுவிடுகிறேன். சின்னவள் குழந்தையோடு வந்திருக்கிறாள், அதனால் டி.வி. என் கைக்கு வருவது எல்லாரும் தூங்கிய பிறகுதான். போன மாதம் பொன்மலைப் பக்கம் போயிருந்தேன். நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உன் தங்கை மகன் கல்யாணத்துக்கு நாங்கள் வரவில்லை என்று இன்னும் கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டிவிட்டுப் போ. கடிதத்தில் திட்டினால் உறைக்க மாட்டேன் என்கிறது.

சரி, படத்துக்கு வருகிறேன். ஹாலிவுட் டைரக்டர் செசில் பி. டிமில் 1939-இல் எடுத்தது. அந்த மனுஷன் எதை எடுத்தாலும் ஊரைக் கூட்டித்தான் எடுப்பார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு நெப்ராஸ்காவின் ஒமாஹாவிலிருந்து மேற்கே தண்டவாளம் போட்டுக்கொண்டு போகிறது யூனியன் பசிபிக் என்ற ரயில் கம்பெனி. அது தாமதமானால் தனக்கு லாபம் என்று ஒரு பேங்க் முதலாளி கணக்குப் போடுகிறான். அவன் ஏவிவிட்ட சூதாட்டக்காரன் ஒருவன் போகிற இடமெல்லாம் கலகம் மூட்டுகிறான். அதை அடக்க ஜோயல் மெக்ரீ வருகிறார். எதிர்ப்பக்கம் போய் நிற்பவனோ அவரோடு போரில் ஒன்றாக நின்ற நண்பன், ராபர்ட் பிரெஸ்டன். இருவருக்கும் நடுவே எஞ்சின் டிரைவர் மகளாக பார்பரா ஸ்டான்விக். நம் ஊரில் எடுத்திருந்தால் எம்.ஜி.ஆரும் நம்பியாரும் போதும், கதையில் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை.

ஸ்டான்விக்கின் ஐரிஷ் இழுப்பு கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் படத்தைத் தூக்கி நிறுத்துவது அந்த அம்மாள்தான். களவுபோன சம்பளப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பிரெஸ்டனைக் கல்யாணம் செய்துகொள்கிறாளே, அந்த இடத்தில் முகத்தைப் பார். மெக்ரீ வழக்கம்போல மரம். ஆனால் நல்ல மரம், நிழல் தருகிற மரம்.

தண்டவாளம் போடுவதைச் சரியாகக் காட்டியிருக்கிறார்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டிருக்கிறாய். ரயில்பாதை கேங்கோடு காலம் தள்ளியவனிடம் கேட்டால் விடுவேனா? சம்மட்டி ஓசைக்குப் படத்தில் குறைவில்லை. ஆனால் டிமிலுக்கு வேலை பிடிக்காது, விபத்துதான் பிடிக்கும். அந்தப் பாதை போடுவதை நேரில் பார்த்த வில்லியம் பெல் என்பவர் 1869-இல் ஒரு கணக்கு எழுதி வைத்தார்: ஒரு தண்டவாளத்துக்கு 10 ஆணி, ஒரு ஆணிக்கு 3 அடி, ஒரு மைலுக்கு 400 தண்டவாளம். படித்ததும் எனக்குக் கை தானாகச் சம்மட்டி பிடிக்கப் போயிற்று. ஸ்லீப்பர் கட்டை இன்னும் வேடிக்கை. நெப்ராஸ்கா சமவெளியில் நல்ல மரமே கிடையாது. ஆற்றோரம் கிடைத்த காட்டன்வுட் என்கிற மென்மரத்தை அறுத்து, துத்தநாகக் கரைசல் ஏற்றிப் போட்டார்கள். ஜல்லியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வெறும் மண் மேட்டில் கட்டையை வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். எங்கள் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார், அதைப் பார்த்திருந்தால் அங்கேயே மயக்கம் போட்டிருப்பார்.

இந்த அவசரம் எதற்கு என்று தேடப் போனேன். படத்தில் வராத கதை அங்கேதான் இருக்கிறது. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி, போட்ட மைலைக் கணக்கிட்டு அரசாங்கம் கம்பெனிகளுக்குக் கடன் பத்திரம் கொடுத்தது. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மேட்டுநிலத்தில் 32,000, மலையில் 48,000. இது போக நிலம் வேறு. மைலுக்கு இவ்வளவு என்று சொன்னால் காண்டிராக்டர் என்ன செய்வான் என்று உனக்கும் எனக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யூனியன் பசிபிக்கின் துணைத் தலைவர் டூரன்ட், ஒமாஹா பக்கத்தில் நேராகப் போக வேண்டிய பாதையை வளைத்துவிட்டு 9 மைல் கூட்டினார். கலிபோர்னியாவிலிருந்து எதிரே வந்த சென்ட்ரல் பசிபிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சாக்ரமென்டோவை விட்டு 7 மைல் தாண்டியதும், தட்டையான வயல்வெளியில், மலை இங்கேயே தொடங்கிவிட்டது என்று மாநில நிலவியல் நிபுணரிடம் சான்று வாங்கிவிட்டார்கள். மலை ரேட்டு அங்கிருந்தே ஓட ஆரம்பித்தது.

இதன் உச்சம் யூட்டாவில். இரண்டு கம்பெனியின் மண்வேலைக்காரர்களும் ஒருவரை ஒருவர் சந்தித்தார்கள், நிற்கவில்லை, தாண்டிப் போய்விட்டார்கள். இருநூறு மைலுக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு மண்மேடு. இரண்டுக்கும் பணம் கேட்கலாமே! கடைசியில் 1869 ஏப்ரலில் வாஷிங்டன் தலையிட்டு, புரோமான்டரியில் சேருங்கள் என்று புள்ளி வைத்தது. டிமில் இதை எடுத்திருந்தால் அருமையான நகைச்சுவைப் படம் ஆகியிருக்கும். ஆனால் இது அந்தக் கம்பெனியின் ஒத்துழைப்போடு எடுத்த படம். அதனால் வில்லன் வெளியே இருந்து வந்து வேலையைத் தடுப்பவனாக இருக்கிறான். நிஜத்தில் கொள்ளை நடந்தது தடுத்ததில் இல்லை, கட்டியதில்தான். யூனியன் பசிபிக்கின் உள்வட்ட ஆட்களே கிரெடி மொபிலியே என்று ஒரு காண்டிராக்ட் கம்பெனியை வைத்துக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே கூட்டி எழுதிய பில்லை அனுப்பி, தாங்களே பாஸ் செய்துகொண்டார்கள். பங்கில் கொஞ்சம் காங்கிரஸ் உறுப்பினர்கள் கைக்கும் போயிற்று. 1872-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்று போட்டு உடைத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

சம்பளப் பெட்டிக் கொள்ளை படத்தில் வருகிறது அல்லவா? நிஜத்தில் சம்பளத்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கம்பெனியேதான். இரண்டு பாதையும் சேரும் இடத்தில் கடைசி ஆணி அடிக்கும் விழாவுக்கு டூரன்ட் தனி சலூன் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். வயோமிங்கில் பீட்மான்ட் என்ற இடத்தில், மாதக்கணக்கில் கூலி பாக்கியாக நின்ற ஆட்கள் அவர் வண்டியைச் சைடிங்கில் தள்ளிவிட்டு, காசை வைத்தால்தான் நகரும் என்று சொல்லிவிட்டார்கள். தந்தி பறந்தது, பணம் வந்தது, வண்டி விட்டது. மே 8 என்று வைத்திருந்த விழா 10-க்குத் தள்ளிப் போனதில் இதற்கும் பங்கு உண்டு. ஜோயல் மெக்ரீயைக் கொண்டு இதை எப்படி அடக்குவது, சொல்!

ரயிலைத் தாக்கும் காட்சி உனக்கு ரொம்பப் பிடித்தது என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தைச் சாய்ப்பது அசத்தல், மறுக்கவில்லை. 1867-இல் பிளம் கிரீக் அருகே செயென் பழங்குடி மக்கள் நிஜமாகவே ஒரு சரக்கு ரயிலைக் கவிழ்த்திருக்கிறார்கள். அவர்கள் காட்டெருமை மேயும் நிலத்தை இந்தப் பாதை குறுக்கே அறுத்துக்கொண்டு போயிற்று. படத்தில் அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று ஒரு வசனம்கூட இல்லை. கூச்சல் போட்டுக்கொண்டு வந்து சுடப்பட்டு விழுகிறார்கள், அவ்வளவுதான்.

என்னை இரண்டு நாள் பிடித்து வைத்தது எதிர்ப்பக்கத்துக் கதை. சென்ட்ரல் பசிபிக்கில் வேலை செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் சீனர்கள். தெற்குச் சீனாவின் குவாங்டாங் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். சியரா நெவாடா மலை உச்சியில் ஒரு சுரங்கம், நீளம் 1,659 அடி, முழுக்கக் கருங்கல். வெடிமருந்து வைத்தால் ஒரு முகத்தில் நாளைக்கு ஒரு அடி நகர்ந்தாலே பெரிது. அதனால் இரண்டு முனையிலிருந்தும், நடுவில் மேலிருந்து கிணறு வெட்டி இறங்கி அங்கிருந்து இரண்டு பக்கமும், ஆக நான்கு முகத்தில் குடைந்தார்கள். நைட்ரோகிளிசரினை அங்கேயே காய்ச்சிப் பயன்படுத்தினார்கள். 1866-67 குளிர்காலத்தில் பனிக்கு அடியில் வளை தோண்டி, கூடாரத்திலிருந்து வேலைக்கு அதற்குள்ளேயே நடந்து போய் வந்திருக்கிறார்கள். பனிச்சரிவில் போனவர்களின் உடல்கள் சில வசந்தத்தில் பனி உருகிய பிறகுதான் கிடைத்தன.

அவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் படித்தது சுவாரசியம். அரிசி, கருவாடு, காய்ந்த காய்கறி, காளான். எல்லாம் சொந்தக் காசில். ஐரிஷ்காரர்களுக்கோ சாப்பாடு கம்பெனி கணக்கு. சீனர்கள் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காவடி மாதிரிக் கழியின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டு ஒருவர் கொதிக்கவைத்த தேநீரை நாள் முழுக்கச் சுமந்துகொண்டே இருப்பார். குட்டைத் தண்ணீரைக் குடித்த மற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு, இவர்களுக்கு அதெல்லாம் கம்மி. 1867 ஜூனில் மாதம் 40 டாலரும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். சண்டை இல்லை, கல்லெறி இல்லை, சும்மா கூடாரத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கம்பெனி முதலாளிகளில் ஒருவரான கிராக்கர் மலைக்கு வரும் உணவுப் பொருளை நிறுத்தினார். ஒரு வாரத்தில் முடிந்தது.

இத்தனை ஆயிரம் பேரில் ஒருவர் எழுதிய ஒரு கடிதம்கூட இதுவரை கிடைக்கவில்லையாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் சீனாவரை போய்த் தேடியிருக்கிறார்கள். 1869 மே 10-இல் இரண்டு எஞ்சினும் மூக்கோடு மூக்கு நிற்க எடுத்த படம் நீ பார்த்திருப்பாய், எல்லாரும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அதில் சீன முகம் தேடிப் பார். 1969-இல் நூற்றாண்டு விழாவுக்கு வந்த அமெரிக்க மந்திரி, அந்தப் பனியில் சுரங்கம் குடைய அமெரிக்கர்களை விட்டால் வேறு யாரால் முடியும் என்று பேசிவிட்டுப் போனார். கோர்கி லீ என்ற புகைப்படக்காரர் 2014-இல் சீன அமெரிக்கர்களை அதே இடத்தில் நிறுத்தி அதே மாதிரிப் படம் எடுத்தார். கேட்கவே நன்றாக இருந்தது.

உன் பெரியப்பா மலேயாவில் இருந்தவர் என்பதால் இதைச் சொல்கிறேன். குவாய் நதிப் பாலம் படம் ஞாபகம் இருக்கிறதா, 1957-இல் இலங்கையில் கித்துல்கலவில் எடுத்தது? சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டு போனான். படம் முழுக்க வெள்ளைக்காரச் சிப்பாய்களின் விசில்தான்.

டிமிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இதே கதையை ஜான் ஃபோர்டு 1924-இல் 'தி அயர்ன் ஹார்ஸ்' என்று மௌனப்படமாக எடுத்துவிட்டார், அப்போது அவருக்கு முப்பது வயதுதான். நெவாடாவில் பனியில் போய் எடுத்தார்கள், படப்பிடிப்புக் குழு தங்கியது ஒரு சர்க்கஸ் கம்பெனியின் ரயில் பெட்டிகளில். ஃபோர்டிடமும் புளுகு உண்டு. கடைசிக் காட்சியில் நிற்பவை 1869 விழாவில் நின்ற அசல் 'ஜூபிடர்', '119' எஞ்சின்கள் என்று எழுத்துப் போடுகிறார். இரண்டும் பல வருஷம் முன்பே காயலான் கடைக்குப் போய்விட்டன. ஆனால் ஃபோர்டு வேலையை வேலையாகப் பார்க்கிறார். ஆள் குனிவது, தூக்குவது, வைப்பது, அடுத்ததற்கு நகர்வது, இதிலேயே ஒரு தாளம் பிடிக்கிறார். என்னைக் கேட்டால் டிமிலின் கவிழ்ந்த ரயிலைவிட இது மேல். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

இன்னொன்று. 'யூனியன் பசிபிக்' முதலில் திரையிடப்பட்டது ஒமாஹாவில், 1939 ஏப்ரல் 28. சரியாக 70 வருஷம் முன்பு அதே தேதியில்தான் எதிர்க் கம்பெனி ஒரே நாளில் 10 மைல் 56 அடி பாதை போட்டுச் சாதனை செய்தது. எட்டு ஐரிஷ்காரர்கள் 3,520 தண்டவாளங்களைத் தூக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றும் 30 அடி, 250 கிலோவுக்கு மேல். அவர்களுக்கு முன்னால் கட்டை போட்டது, பின்னால் ஆணி அடித்தது, மண் கெட்டித்தது எல்லாம் சீனர்கள். அந்த எட்டுப் பேரின் பெயர் பதிவில் இருக்கிறது. மற்றவர்கள் பெயர் இல்லை.

ஃபோர்டு படம் உன்னிடம் நல்ல பிரதியாக இருந்தால் அனுப்பு, நான் பார்த்தது ஒரே கோடும் புள்ளியும். அடுத்த மாதம் திருச்சி வந்தால் ஹோட்டலில் தங்குகிறேன் என்று ஆரம்பிக்காதே, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. சாரதாவிடம் கமலா விசாரித்ததாகச் சொல். அந்தக் கடாரங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்பதையும் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
சுந்தரம்

பி.கு.: கான் திரைப்பட விழாவே 1939 செப்டம்பர் 1-இல் தொடங்க வேண்டியதாம். போர் வந்து நின்றுபோனது. 2002-இல் பழைய பட்டியலைத் தூசி தட்டி ஒரு நடுவர் குழுவை உட்கார வைத்து, அந்த வருஷத்துத் தங்கப் பனை விருதை 'யூனியன் பசிபிக்'குக்குக் கொடுத்துவிட்டார்கள். டிமில் போய்ச் சேர்ந்து 43 வருஷம் ஆன பிறகு.